"தாம்பி போட்டுக்கலாமா அக்கா?" – காப்பர்-டி பற்றி மும்பைத் தமிழ்ப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவியில் வீடு வீடாகப் போகும் ஆரோக்கிய சேவிகா வேலையை 11 வருடம் பார்த்தேன். போலியோ சொட்டு மருந்து, கர்ப்பிணிப் பதிவு என்று எதற்காகப் போனாலும், நான் செருப்பை மாட்டும் நேரத்தில்தான் ஒரு கேள்வி வரும். "அக்கா, ஒரு நிமிஷம்" என்று குரல் இறங்கும். அப்படி வந்தவற்றில் காப்பர்-டி, அதாவது பிள்ளை தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட சாதனத்தை இரண்டு முறை போட்டுக்கொண்டவள். ஒரு முறை அழுதேன், ஒரு முறை அழவில்லை. அது ஏன் என்பதும் கீழே வரும்.

லூப்பு, காப்பர்-டி, தாம்பி, மெரினா... எல்லாம் ஒன்றுதானா?

எல்லாமே கர்ப்பப்பைக்குள் வைப்பவை. ஆனால் ஒன்றல்ல.

நம் அம்மாக்கள் சொல்லும் லூப்பு 1965இல் அரசுத் திட்டத்தில் வந்த லிப்பஸ் லூப். பாம்பு நெளிந்தது போல இருக்கும் வெறும் பிளாஸ்டிக், செம்பு கிடையாது. அவசர அவசரமாகப் போட்டார்கள். போட்ட பிறகு ரத்தம் போகிறது என்று வந்தவர்களைச் சரியாகக் கவனிக்க ஆள் இல்லை. இன்றும் ஊரில் ஆச்சிமார் "லூப்பா? வேண்டவே வேண்டாம்" என்று கையை உதறுகிறார்களே, அந்தப் பயம் அப்போது பிடித்தது.

இப்போது போடுவது ஆங்கில 'டி' எழுத்து மாதிரி, தீக்குச்சியைவிடக் கொஞ்சம் குட்டையான பிளாஸ்டிக்கில் செம்பு சுற்றியது. அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் இரண்டு வகை இருக்கின்றன. 380ஏ என்பது 10 வருடத்துக்கு, 375 என்பது (இதன் கைகள் கீழ்ப்பக்கம் வளைந்திருக்கும்) 5 வருடத்துக்கு. அந்த எண்கள் செம்பின் பரப்பளவு, சதுர மில்லிமீட்டரில். முதலாவது 2002இல் திட்டத்துக்கு வந்தது, அடுத்தது 2012இல். உங்களுக்குப் போட்டது எது, என்றைக்குப் போட்டார்கள் என்று கேஸ் பேப்பரில் (ஆஸ்பத்திரிச் சீட்டில்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பேப்பரை ரேஷன் கார்டோடு வையுங்கள்.

தாம்பி என்பது மராத்தி. அவர்களுக்குச் செம்பு 'தாம்பே', நமக்குத் தாமிரம் மாதிரி. நான் மும்பைக்கு வந்த புதிதில் ஒரு சிஸ்டர் "தாம்பி பஸவாய்ச்சீ கா?" என்று கேட்டார். தம்பியைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்து, "அவன் ஊரில் இருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் மெரினா. அது கடற்கரை, இது மிரெனா. இதில் செம்புக்குப் பதில் ஹார்மோன். அதற்குத் தனியாக வருகிறேன்.

கருவை உள்ளேயே கலைத்துவிடும் என்கிறார்களே, பாவமில்லையா?

கலைக்காது. செம்பு முக்கியமாக விந்தணுவை முடக்குகிறது. முட்டையும் விந்தும் சேர்வதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. கரு உண்டானால்தானே கலைப்பதற்கு? புதன்கிழமை தவறாமல் மாஹிம் மாதா கோவிலுக்குப் போகும் ஒரு மைனி இதை என்னிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இதையேதான் சொன்னேன். போட்டுக்கொண்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. அது அவர் முடிவு.

எவ்வளவு நம்பலாம்?

100 பேர் ஒரு வருடம் காப்பர்-டி வைத்திருந்தால் கர்ப்பமாகிறவர் ஒருவருக்கும் குறைவு. மாத்திரையில் நடைமுறைக் கணக்கு 7 பேர், ஆணுறையில் 13 பேர். மாத்திரை மோசம் என்று அர்த்தமில்லை. மறந்துபோவதுதான் சிக்கல். விடியற்காலை எழுந்து தண்ணீர் பிடித்து, இட்லி அவித்து, கூடையைக் கணவர் தலையில் ஏற்றி அனுப்பும் வீடுகள் எங்கள் தெருவில் எத்தனையோ. அந்தப் பெண்ணிடம் போய் "தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை போடு" என்று சொல்ல எனக்கே வாய் வராது.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பால்வினை நோய்களை இது தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

போடும்போது வலிக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

வலிக்கும். எறும்பு கடித்த மாதிரிதான் என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம், உயிர் போகும் என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பொதுவாகக் குறைவாக இருக்கும். பிள்ளை பெறாதவர்களுக்கும், சிசேரியன் மட்டுமே ஆனவர்களுக்கும் கூடுதலாக இருக்கலாம்.

நடப்பது இதுதான். முதலில் கையால் உள்சோதனை. பிறகு உலோகக் கருவி ஒன்றால் பாதையை விரித்துக்கொள்வார்கள், அது சில்லென்று இருக்கும். மருந்து தொட்டுத் துடைப்பார்கள். கர்ப்பப்பை வாயை ஒரு இடுக்கியால் பிடிப்பார்கள். இங்கே ஒரு சுருக். மெல்லிய கம்பியால் கர்ப்பப்பையின் ஆழத்தை அளப்பார்கள். இங்கே அடிவயிற்றைப் பிசைவது போல இருக்கும். பிறகு குழாய் வழியாகக் காப்பர்-டி உள்ளே போகும். அங்கே இன்னொரு பிடிப்பு. அதன் அடியில் தொங்கும் நூலை அளவாக வெட்டிவிட்டால் முடிந்தது. மொத்தம் 5 நிமிடத்துக்குள்.

முதல் முறை எனக்கு 24 வயது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஒரே அறையில் மூன்று மேசை, நடுவில் பாதிக்கு மட்டும் திரை. காலைத் தூக்கி வை என்றார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இடுக்கி பட்டதும் கத்திவிட்டேன். "பிள்ளை பெத்தவதானே, இதுக்குப் போயா?" என்று ஹிந்தியில் ஒரு குரல், பக்கத்து மேசைக்காரிக்கும் கேட்கிற மாதிரி. வலி அன்று சாயங்காலமே போய்விட்டது. அந்தக் குரல் போகவில்லை.

இரண்டாவது முறை 41 வயதில். இந்த டாக்டர் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். "இப்ப ஒரு தடவை இருமுங்க. இப்ப பிடிப்பு வரும், பத்து எண்ணுங்க. நிறுத்தணும்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடுவேன்." நான் ஏழு எண்ணுவதற்குள் முடிந்தது. கையைத் தூக்கவே இல்லை. வலி பழையதைவிட ரொம்பக் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழவில்லை.

மரத்துப்போக ஊசியோ மருந்தோ உண்டா என்று தாராளமாகக் கேளுங்கள். லிக்னோகெய்ன் என்பது அந்த மருந்து. 2024இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்கூட வலியைப் பற்றி முன்கூட்டியே பெண்ணிடம் பேச வேண்டும், லிக்னோகெய்ன் உதவலாம் என்று தன் வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் கிடைக்காமல் போகலாம். இருந்தாலும் கேட்பதால் நஷ்டமில்லை. ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரை போடும் அந்த நொடிக்கு அவ்வளவாக உதவாது, அதற்குப் பிறகு வரும் பிடிப்புக்கு நன்றாகக் கேட்கும்.

சிலருக்குத் தலை சுற்றும், வியர்க்கும். எழுந்தவுடன் ஓடாதீர்கள், கால்மணி நேரம் படுத்திருங்கள். சாயங்காலம் 6 மணி லோக்கல் ரயிலில் லேடீஸ் டப்பாவில் நசுங்கி வீடு திரும்பும்படி நேரத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் தங்கச்சியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிப் போங்கள்.

யார் போட்டுக்கொள்ளக் கூடாது?

கர்ப்பமாக இருப்பவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், அடிவயிற்றில் இப்போது கிருமித்தொற்று இருப்பவர்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உள்ளவர்கள், கட்டியால் கர்ப்பப்பையின் உள்வடிவம் மாறியவர்கள். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஹார்மோன் வகை ஆகாது. சர்க்கரை, பிரஷர் இருந்தால் காப்பர்-டிக்குத் தடையில்லை.

போட்டதிலிருந்து தீட்டு ரொம்பப் போகிறது. எடுத்துவிடலாமா?

என்னிடம் வந்த கேள்விகளில் பாதி இதுதான்.

செம்பு வகையில் மாதப்போக்கு கூடும். பழைய அளவில் பாதி வரை கூடுதலாகலாம். நாளும் ஒன்றிரண்டு நீளும், வயிற்றுப் பிடிப்பும் கூடும். பெரும்பாலோருக்கு 3 முதல் 6 மாதத்தில் படிப்படியாக அடங்குகிறது. சிலருக்கு அடங்குவதே இல்லை. முன்பே நிறையப் போகிறவர்களுக்குச் செம்பு வகை நல்ல தேர்வில்லை என்பது என் எண்ணம். போடுவதற்கு முன்னால் "உனக்கு எத்தனை நாள், எத்தனை பேட்" என்று யாராவது கேட்டால் பாதிப் பெண்கள் இந்தச் சிக்கலில் மாட்டவே மாட்டார்கள்.

"கொஞ்சம் கூடும்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கொஞ்சம் என்பது தாராவியில் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. வீட்டுக்குள் கழிப்பறை இல்லை. பொதுக் கழிப்பறையில் காலையில் வரிசை. பேட் மாற்ற ஒரு நாளைக்கு இரண்டு முறை போவதே பாடு, இதில் ஆறு முறை என்றால்? ராத்திரி 12 மணிக்கு மேல் தனியாகப் போக முடியாது. துணியைத் துவைத்துக் காயப்போட இடமில்லை. பேட் செலவு இரட்டிப்பு. என் சிநேகிதி ஒருத்தி தோல் பட்டறையில் கைப்பை தைக்கிறவள். தீட்டு நாட்களில் மட்டும் கறுப்புப் புடவை, அதுவும் மூன்று நாளைக்குத் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். எட்டாவது மாதம் எடுத்துவிட்டாள். "மருந்து சாப்பிட்டுப் பார்த்திருக்கலாமே" என்றார்கள். மருந்து இருக்கிறது என்று அவளிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை.

மருந்து உண்டு. மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் வகைகள் வலியையும் போக்கையும் சேர்த்துக் குறைக்கும். போக்கு அதிகம் என்றால் டிரானெக்சாமிக் அமிலம். டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். கூடவே ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே 9இல் நிற்கிறவளுக்கு இன்னும் கொஞ்சம் போனால் மாடிப்படி ஏற முடியாது. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. இரும்புச்சத்து மாத்திரை வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேலும் அப்படியே போனால் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு நாற்றமடிக்கும் வெள்ளை பட்டாலும், அடிவயிறு தாங்க முடியாமல் வலித்தாலும், நாள் தள்ளிப்போனாலும் அன்றைக்கே போங்கள்.

தண்ணீர்க் குடம் தூக்கினால் நழுவிவிடுமா? பஸ் குலுக்கலில்?

இல்லை. குடம் தூக்கலாம், படியேறலாம், உட்கார்ந்து துணி துவைக்கலாம், ஓடும் லோக்கலைப் பிடிக்கலாம் (பிடிக்கக் கூடாது, அது வேறு விஷயம்). தானாக நழுவுவது உண்டு. முதல் வருடத்தில் 100 பேரில் 2 முதல் 10 பேருக்கு, பெரும்பாலும் முதல் சில மாதங்களில். பிரசவத்தோடு போட்டவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். குடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிலருக்குத் தீட்டோடு சேர்ந்து வெளியே வந்தது தெரிவதே இல்லை. அதனால்தான் நாலு முதல் ஆறு வாரத்தில் ஒரு தடவை காட்டச் சொல்கிறார்கள்.

மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்கிறாரே என் அத்தை?

போக வழியே இல்லை. ஆனால் அத்தையை முழுக்கக் கேலி செய்ய மாட்டேன். ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் போகக்கூடும். சோனோகிராபியில் (ஸ்கேனில்) காணவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்து, இருக்கும் இடத்தைப் பார்த்து, துளை வழி அறுவையில் எடுப்பார்கள். எங்கோ ஒருத்திக்கு அப்படி நடந்த கதை ஊர் ஊராக நடந்து வரும்போது வயிறு நெஞ்சாகிவிட்டது.

நூல் கணவருக்குக் குத்துமா?

குட்டையாக நறுக்கினால் குத்தும், கொஞ்சம் நீளம் விட்டால் சில வாரத்தில் மெத்தென்று ஆகிக் கர்ப்பப்பை வாயோடு வளைந்துகொள்ளும். குத்துகிறது என்று அவர் சொன்னால் போய்க் காட்டுங்கள், சரி செய்துவிடலாம்.

தீட்டு முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, விரலால் நூலைத் தொட்டுப் பார்க்கலாம். இழுக்கக் கூடாது. நூல் தட்டுப்படவில்லையென்றால் பதற வேண்டாம். சுருண்டு உள்ளே போயிருக்கலாம். சோனோகிராபி எடுத்துப் பார்க்கும் வரை ஆணுறை போடச் சொல்லுங்கள். நூலுக்குப் பதில் கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் அது இறங்கி வருகிறது என்று அர்த்தம்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போனேன். எனக்குப் போட்டார்களா இல்லையா என்றே தெரியவில்லை.

சிரிக்காதீர்கள், இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் போவோம். நஞ்சு விழுந்த 10 நிமிடத்துக்குள், அல்லது சிசேரியன் தையலுக்கு முன், அல்லது 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைக்க முடியும். அந்த நேரம் தவறினால் 6 வாரம் கழித்துத்தான். மருத்துவப்படி இது நல்ல ஏற்பாடு. கர்ப்பப்பை வாய் திறந்தே இருப்பதால் வலியும் அதிகம் தெரியாது. பால் குறையாது.

சிக்கல் எங்கே என்றால், வலி உச்சத்தில் இருக்கும்போது "போட்டுக்கிறியாம்மா" என்று கேட்டால் யார்தான் சரியாகக் கேட்டு, யோசித்துப் பதில் சொல்வார்கள்? சிலரிடம் கேட்கவே இல்லை. தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் ஒரு பெண் இரண்டாவது குழந்தைக்காக ஒன்றரை வருடம் கோவில் கோவிலாகப் போனாள், மாமியார் கோடாங்கி வரை போனார். கடைசியில் இங்கே சோனோகிராபி எடுத்தபோது படத்தில் வெள்ளைக் கோடாக உட்கார்ந்திருந்தது. முதல் பிரசவத்தில் ஊரில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தது. டிஸ்சார்ஜ் அட்டையின் மூலையில் எழுதியும் இருந்தது. அவளிடம் சொல்லத்தான் இல்லை.

இது பெரிய தப்பு. எந்த நல்ல நோக்கமும் இதைச் சரியாக்காது. கர்ப்பமாக இருக்கும்போதே, நிதானமாக இருக்கும்போதே, வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்து தாய்சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே பிரசவித்தவர்கள் டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துப் படியுங்கள், புரியாவிட்டால் படித்தவரிடம் காட்டுங்கள். பிரசவத்தோடு போட்டதில் நூல் பல மாதம் கீழே இறங்காமல் இருக்கலாம். அதனால் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்பதை வைத்து மட்டும் எதுவும் முடிவு செய்ய முடியாது.

ஹார்மோன் வகை நல்லதா? தீட்டே நின்றுவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்காதா?

எனக்கு இரண்டாவதாகப் போட்டது இதுதான். பிள்ளை வேண்டாம் என்பதற்காக இல்லை, நாற்பதுக்கு மேல் எனக்குப் போக்கு அருவியாக ஆகிவிட்டது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். இன்னொரு டாக்டர், முதலில் இதை வைத்துப் பார்ப்போம் என்றார்.

52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் ஒரு சின்ன உறையில் இருந்து தினமும் துளித்துளியாக இறங்கும். கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிந்துபோகும். சவ்வு வளர்ந்தால்தான் உதிர்வதற்கு ரத்தம் இருக்கும். வளராதபோது தங்குவதற்கு ஒன்றும் இல்லை. கெட்ட ரத்தம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு வருடம் ஆகும்போது 5 பேரில் ஒருவருக்குத் தீட்டு முழுக்க நின்றுவிடுகிறது, மற்றவர்களுக்குக் குறைகிறது.

ஆனால் முதல் நாலைந்து மாதம் பொறுமை வேண்டும். எனக்குச் சொட்டுச் சொட்டாக, நாள் கணக்கே இல்லாமல் பட்டது. விளக்கேற்றலாமா, கோவிலுக்குப் போகலாமா என்று தினமும் குழப்பம். செவ்வாய் வெள்ளியில் மாட்டுங்காப் பக்கம் போனால் வாசலோடு திரும்பிவிடுவேன். பிறகு, இது தீட்டே இல்லை, மருந்தின் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டு உள்ளே போனேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது மாதம் சுத்தமாக நின்றது. ஹீமோகுளோபின் 8.2இல் இருந்து 11.6 ஆனது. சிலருக்கு மார்பு வலி, முகப்பரு, தலைவலி, மனம் சோர்வது என்று வருவதுண்டு. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

மாநகராட்சி மருத்துவமனைகளில் காப்பர்-டி இலவசம். ஹார்மோன் வகைக்குப் பொதுவாகக் கையிலிருந்து சில ஆயிரம் போகும். எச்.எல்.எல். நிறுவனத்தின் எமிலி என்பது மிரெனாவைவிட விலை குறைவு. இங்கே வழக்கமாக 5 வருடம் என்கிறார்கள். அமெரிக்காவில் 2022இல் மிரெனாவுக்குக் கருத்தடைக்காக 8 வருடம் வரை அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணமாகாதவள் போட்டுக்கொள்ளலாமா?

உடம்புக்குத் தடை இல்லை. பிள்ளை பெறாதவர்களும் போடலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. தடையெல்லாம் கவுன்ட்டரில். "மிஸ்டர் பேர் என்ன, எத்தனை குழந்தை" என்றுதான் படிவம் தொடங்கும். ஒரு ஐ.டி. பெண் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டே போனதாகச் சொன்னாள். 1921இலேயே இதே பம்பாயில் ரகுநாத் தோண்டோ கர்வே கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தவர். நூறு வருடம் கழித்தும் கயிறு தேவைப்படுகிறது.

அவசரத்துக்கும் இது உதவும். பாதுகாப்பில்லாமல் இருந்துவிட்டால் 5 நாளுக்குள் செம்பு வகை போட்டால் கர்ப்பம் தங்காது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மெடிக்கலில் கிடைக்கும் அவசர மாத்திரையைவிட இது பலமானது.

கணவர் கையெழுத்து வேண்டுமா? மாமியார் ஆபரேஷன்தான் செய்யச் சொல்கிறார்.

கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. உங்கள் சம்மதம் போதும். சில இடங்களில் பழக்கத்தில் கேட்பார்கள். "சட்டத்தில் எங்கே இருக்கிறது?" என்று அமைதியாகக் கேளுங்கள்.

மாமியார் சொல்வது அவருக்கு மட்டும் உள்ள எண்ணமில்லை. அதே 2019–21 ஆய்வில் கல்யாணமான பெண்களில் ஆபரேஷன் செய்தவர்கள் 37.9 சதவீதம், கர்ப்பப்பைச் சாதனம் வைத்திருப்பவர்கள் வெறும் 2.1. இரண்டு பெற்றதும் ஆபரேஷன், அதோடு முடிந்தது என்பதே நம் பழக்கம். 23 வயதில் முடித்துக்கொண்டு 30 வயதில் வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். காப்பர்-டியை எடுத்தால் அடுத்த மாதமே கர்ப்பம் தரிக்கலாம். இதை மாமியாரிடம் சொல்ல வேண்டாம், அவருக்கு அதுதான் பயமே.

எடுக்கச் சொல்லிப் போனேன். "இன்னும் கொஞ்ச நாள் பாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என்னையும் அனுப்பினார்கள். முதல் காப்பர்-டியைப் போட அரை மணி நேரம்தான் ஆனது. எடுக்க நாலு நடை நடந்தேன். முதல் தடவை "பழகிடும்". இரண்டாம் தடவை டாக்டர் லீவு. மூன்றாம் தடவை "பூரா பத்து வருஷம் இருக்கே, ஏன் வீணாக்கற?" நாலாம் தடவை என் நாத்தனாரைக் கூட்டிப் போய், அவர் மராத்தியில் சத்தம் போட்டதும் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள்.

போட வைக்கும் கை எடுக்கவும் தயாராக இருந்தால், பயப்படாமல் இன்னும் நிறையப் பேர் போட்டுக்கொள்வார்கள். இதை நான் மீட்டிங்கில் சொன்னபோது பெரியவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

எடுப்பதற்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை வேண்டும், வலிக்கிறது, பிடிக்கவில்லை, எதுவும் போதும். மருந்து சாப்பிட்டுப் பார் என்று அவர்கள் சொல்லலாம், நீங்கள் வேண்டாம் என்றும் சொல்லலாம். பாஷை வராதவர்களுக்காக: மராத்தியில் "தாம்பி காடாய்ச்சீ ஆஹே", ஹிந்தியில் "காப்பர்-டி நிகல்வானா ஹை". இந்த இரண்டு வரியையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். கேஸ் பேப்பரில் "எடுக்கக் கேட்டார்" என்று எழுதச் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே வேலை நடந்துவிடும்.

வீட்டில் நீங்களே நூலைப் பிடித்து இழுக்காதீர்கள்.

காப்பர்-டி இருக்கும்போதே நாள் தள்ளிப்போய்விட்டது.

உடனே சோதனை. அரிதுதான், ஆனால் அப்படிக் கர்ப்பமானால் அது கருக்குழாயில் தங்கியிருக்க வாய்ப்பு கூடுதல். குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. ஒருபக்கமாகச் சுருக்கென்ற வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்றால் டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்தால், நூல் தெரிகிறபோது சீக்கிரமே காப்பர்-டியை எடுத்துவிடுவது நல்லது, வைத்துக்கொண்டே போனால் கருச்சிதைவும் தொற்றும் வரக்கூடும். பிள்ளை வேண்டாம் என்றால் கருத்தடை தோற்றது என்பதையே காரணமாகச் சொல்லிச் சட்டப்படி கலைக்கலாம், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு இது கல்யாணமாகாதவர்களுக்கும் பொருந்தும்.

போட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, மறந்தே போனேன். இனிமேல் எடுக்க வேண்டுமா?

எடுத்துவிடுங்கள். தீட்டு முழுக்க நின்றவர்களுக்கும் அது தேவையில்லாத பொருள்தான். கர்ப்பப்பை சுருங்கிய பிறகு எடுப்பது கொஞ்சம் கடினமாகும், தொற்றும் வரலாம்.

எங்கள் சாலில் (வரிசை வீடுகளில்) ஓர் ஆச்சிக்கு வயிற்று வலி என்று சோனோகிராபிக்குக் கூட்டிப் போனேன். எழுபதைத் தொடும் வயது. "உள்ளே லூப் இருக்கு" என்றார் டாக்டர். ஆச்சிக்கு ஞாபகமே இல்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கடைசிப் பய பொறந்தப்ப ஒரு நர்சம்மா வந்தா" என்றார். மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். பிளாஸ்டிக் பழுப்பேறிப் போயிருந்தது. மாவ்ஷி (ஆயாம்மா) அதைக் குப்பையில் போடப் போனபோது ஆச்சி தடுத்துக் கையில் வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்துனூண்டுதானா?" என்றார். "நான் என்னமோ வளையல் மாதிரி இருக்கும்னு நினைச்சேன்."